அம்மன் சொன்ன ஹெட் கேஸ்கட்

சப்ரகமுவ மாகாணத்தில் அம்மனோடு ஹெட் கேஸ்கட் பற்றி வாதாடிய மெக்கானிக் நான் ஒருவன்தான். வேறு எவராவது இருந்தால் ருவான்வெல்லைக்கு அனுப்பி வையுங்கள், பக்கத்தில் உட்கார வைத்துச் சாப்பாடு போடுகிறேன்.

கராஜ் வேலைக்குப் புதிதாக வந்திருக்கிற பிள்ளைகளே, நீங்கள் வண்டியில் கம்ப்யூட்டரைச் செருகி நோய் பார்க்கிறவர்கள். செருகுங்கள், நான் குறை சொல்லவில்லை. நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். எஹலியகொடவில் ஒரு சிங்களப் பாஸிடம் நட்டும் போல்ட்டும் கழுவத் தொடங்கி, ருவான்வெல்லைக் கடைவீதியில் சொந்தப் போர்டு மாட்டி, இரண்டு மகள்களையும் ஒரு மகனையும் அந்தப் போர்டின் கீழேயே ஆளாக்கியவன். டீசல் வண்டி வளைவு திரும்பும் சத்தத்திலேயே அதற்கு எங்கே வலிக்கிறது என்று சொல்லிவிடுவேன். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை என்று சிலர் சொல்வார்கள். நான் பெருமைக்காகத்தான் சொல்கிறேன். இப்போது கராஜை மகன் பார்க்கிறான், எனக்குப் பேச நேரம் கிடைத்திருக்கிறது.

தண்ணீர் ஒழுகுகிற வண்டியைப் பற்றிச் சொல்ல வந்தேன். ஒழுகும் இடத்தைக் கண்டுபிடிப்பது பாதி வேலை. சுற்றி நிற்கிறவர்களைச் சமாளிப்பது மீதி. அந்த மீதியைச் சொல்லிக்கொடுக்கிற கம்ப்யூட்டர் இன்னும் வரவில்லை.

எங்கள் ஊருக்கு மேலே ஒரு ரப்பர் தோட்டம். அங்கே வருஷா வருஷம் மாரியம்மன் திருவிழா. மரத்தேர் கிடையாது. மரத்தேர் ஓடுகிற தெருவும் கிடையாது, மலையைச் சுற்றிப் போகும் கல்ரோடுதான். அதனால் ஒரு கெப் வண்டியின் பின்தட்டில் மூங்கிலும் பலகையும் வைத்து மண்டபம் கட்டி, வாழைமரம் நிறுத்தி, கலர் பல்பு சுற்றி, அம்மனை உட்கார வைப்பார்கள். முன்னால் பொனட்டை மறைத்துக்கொண்டு ஆளுயரப் பலகைச் சிங்கம் ஒன்று நிற்கும். சிங்கம் லொறி மாணிக்கம் அண்ணனின் கைவேலை. தோட்டத்து லொறியை ஓட்டி ஓய்வு பெற்றவர். செய்வதும் அவர், வர்ணம் பூசுவதும் அவர், வண்டியில் ஏற்றிக் கட்டுவதும் அவர். வேறு ஒருவரும் சிங்கத்தில் கை வைக்க முடியாது. அம்மன் அருள் வந்து இறங்குவதும் அவர் மேல்தான்.

வண்டி, ருவான்வெல்லையில் ஹார்ட்வெயார் கடை வைத்திருக்கிற பாரூக் நானாவுடையது. அவருடைய வாப்பா காலத்தில் வாப்பாவின் வண்டி அம்மனைச் சுமந்தது, வாப்பா மௌத்தான பிறகு மகனின் வண்டி. அன்றைக்கு ஸ்டியரிங்கை வேறு யாரும் தொட விடமாட்டார். காலையில் மரக்கறிச் சோறு மட்டும் சாப்பிட்டு, வெள்ளைச் சாரமும் தொப்பியுமாக வந்து உட்கார்ந்துவிடுவார். வண்டியின் ஒரு பக்கம் பூசாரி நடப்பார். மறுபக்கம் ஸ்பேனர் பையோடு நான் நடப்பேன். அம்மனுக்கு அடுத்த மரியாதை யாருக்கு என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

தேர் ஒவ்வொரு லயத்துக்கும், அந்த வரிசை வீடுகளுக்கு, முன்னால் நிற்கும். வீட்டுக்கு ஒரு குடம் மஞ்சள் தண்ணீர், வேப்பிலையோடு, சக்கரத்தில் ஊற்றுவார்கள். சக்கரம் என்பது பேச்சுக்கு. கை போன இடமெல்லாம் ஊற்றுவார்கள். இன்னொரு முறையும் உண்டு. தேரில் ஏறிய அம்மன் தோட்டத்தைச் சுற்றிவிட்டுக் கோயில் வாசலில்தான் இறங்க வேண்டும். நடுவழியில் இறக்கினால் அந்த வருஷம் தோட்டத்துக்கு ஆகாது.

நான் சொல்கிற அந்த வருஷம், கீழ்ப் பிரிவு லயங்களை முடித்துக்கொண்டு மேல் பிரிவுக்கு ஏறிக்கொண்டிருந்தோம். பாரூக் நானா தலையை வெளியே நீட்டினார்.

"பாஸ், முள்ளு ஏறி ஈக்கிது."

எட்டிப் பார்த்தேன். சூட்டு முள் சிவப்பைத் தொட்டுக்கொண்டிருந்தது.

"நிப்பாட்டுங்க நானா."

நின்ற இடம் பீலி வளைவு. ஒரு பக்கம் மலையிலிருந்து குழாயில் தண்ணீர் விழும் பீலி, மறுபக்கம் பள்ளம். வண்டி நின்றதும் சிங்கத்தின் இரண்டு காதுகளுக்கும் நடுவிலிருந்து வெள்ளையாக ஆவி எழும்பியது.

கூட்டம் முழுவதும் கையெடுத்துக் கும்பிட்டது. தப்பு அடிக்கிறவர்கள் வேகத்தைக் கூட்டினார்கள். போன்களெல்லாம் மேலே போயின. "லைவ் போடுடா, ஆத்தா மூச்சு விடுறா" என்றான் ஒருவன்.

அதே நேரம் வண்டிக்கு அடியில் இளஞ்சிவப்பாகச் சொட்டத் தொடங்கியது. கூலண்ட். பார்க்க ரோஸ் சர்பத் மாதிரி, நாக்கில் பட்டால் இனிக்கும், உள்ளே போனால் சிறுநீரகத்தைச் சாகடிக்கும். முன்னால் நின்ற ஒரு பெண் அதைச் செம்பில் ஏந்திவிட்டாள். கையில் ஊற்றி வாய்க்குக் கொண்டு போகிறாள்.

"தங்கச்சி, அது குடிக்கிற சாமான் இல்ல. நஞ்சு" என்றார் நானா.

"நீங்க சும்மா இருங்க நானா. ஆத்தா காலடியில ஊறுறது நஞ்சாகுமா?"

அவள் கேட்டதும் நியாயம்தான். இந்த இடத்தில் கூலண்டின் இரசாயனத்தை விளக்கப் போயிருந்தால் நாலு பேர் குடித்து முடித்திருப்பார்கள்.

"தங்கச்சி, அது வண்டி குடிச்சுட்டுத் துப்புன எச்சித் தண்ணி" என்றேன்.

செம்பு தானாகக் கீழே போனது. பின்னால் இரண்டு பேர் கையைச் சேலையில் துடைத்தார்கள். நாய் நக்காமல் இருக்க அந்த இடத்தில் மண்ணை அள்ளிப் போடச் சொன்னேன். சாமிக்கு முன்னால் நஞ்சுக்குப் பயப்படாதவர்களும் எச்சிலுக்குப் பயப்படுவார்கள். நோயாளி வண்டியாக இருந்தாலும் பாஷை மனிதர்களுக்குப் புரிகிறதாக இருக்க வேண்டும்.

அடுத்து, திருவிழாக் கமிட்டித் தலைவர் வந்தார்.

"என்னா பாஸ், ஏத்தம், மொத கியரு, சூடாகத்தான செய்யும். மூடியத் தொறந்து தண்ணிய ஊத்துங்க, போவோம்."

"இப்பத் தொறந்தா தண்ணி உள்ள போகாது தலைவர். உள்ள இருக்கிறது உங்க மூஞ்சிக்கு வரும்."

எஹலியகொட பாஸ் எனக்குக் கற்றுக்கொடுத்த முதல் பாடம் ஒரே ஒரு சொல். 'இன்ன.' சிங்களத்தில் பொறு என்று அர்த்தம். அவருக்குக் கழுத்திலிருந்து காது வரை தோல் வேறு நிறம். அந்தச் சொல்லை அவர் எந்தப் பள்ளிக்கூடத்தில் படித்தார் என்று நான் கேட்டதே இல்லை.

ஆகவே பொறுத்தோம். பொறுத்த நேரத்தில்தான் மாணிக்கம் அண்ணனுக்கு அருள் வந்தது. சும்மா நாளில் என்னைத் "தம்பி" என்று கூப்பிட்டு வெற்றிலை கேட்கிறவர். அன்றைக்கு வேப்பிலைக் கொத்தோடு ஆடிக்கொண்டு நேராக என் முன்னால் வந்து நின்றார்.

"டேய்."

"சொல்லு தாயே."

"என் வண்டி ஏன்டா நின்னுச்சு?"

"அதத்தான் பாத்துக்கிட்டு இருக்கேன் தாயே."

"என்னாத்தடா பாக்குற? ஹெட் கேஸ்கட் போயிருச்சுடா."

தப்புச் சத்தம் நின்றுவிட்டது. அம்மன் வாயால் அதுவரை மழை வந்திருக்கிறது, கல்யாணம் வந்திருக்கிறது, காணாமல் போன ஆடு வந்திருக்கிறது. ஹெட் கேஸ்கட் வந்ததில்லை. பூசாரி என் காதருகே வந்து, "அப்பிடின்னா என்னாங்க?" என்று கேட்டார்.

"எஞ்சினோட தல போச்சுன்னு சொல்றா."

கேஸ்கட் போனது உண்மையென்றால் வண்டி அதற்கு மேல் ஒரு அடி ஓடக் கூடாது. கயிறு கட்டி இழுக்க வேண்டும். அந்த ஏற்றத்தில் அம்மனோடு சேர்த்து இழுக்க முடியாது, இறக்கத்தான் வேண்டும். கூட்டத்துக்கு அது புரிந்துவிட்டது. பின்னாலிருந்து ஒரு குரல், அவ்வளவு மெதுவாகவும் இல்லை, சொன்னது.

"நம்ம ஆளு வண்டியில ஏத்தியிருந்தா இப்பிடி ஆயிருக்காது."

யாருடைய குரல் என்று நான் திரும்பிப் பார்க்கவில்லை. பாரூக் நானாவும் பார்க்கவில்லை. ஸ்டியரிங்கிலிருந்து இரண்டு கையையும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். என்னிடம், "பாஸ், நான் எறங்கிக்கவா?" என்று கேட்டார்.

அந்த மனிதர் அன்றைக்கு இறங்கினால் மறு வருஷம் ஏற மாட்டார். அவர் மட்டுமில்லை, அவர் வாப்பாவும் சேர்ந்து இறங்கியதாக ஆகிவிடும்.

"ஒக்காருங்க நானா. வைத்தியன் நான் இன்னும் வாயத் தொறக்கல."

சிங்கத்தின் கால் தடுப்பதால் பொனட் ஒரு சாண்தான் திறக்கும். அந்த இடுக்கில் கையை விட்டு ஆயில் கம்பியை உருவினேன். பிறகு பின்னால் போய்ப் புகைக்குழாயைப் பார்த்தேன். வந்து அம்மன் முன்னால் கை கட்டி நின்றேன்.

"தாயே, கேஸ்கட் போயிருந்தா ஆயில் பால் டீ மாதிரி ஆயிருக்கணும். கறுப்பாத்தான் இருக்கு. நிக்கிற வரைக்கும் பின்னால வெள்ளப் பொகையும் இல்ல."

"எனக்கே சொல்லித் தாறியாடா?"

"ஒனக்குச் சொல்லல தாயே. ஒன்ன சாட்சியா வச்சு இவங்களுக்குச் சொல்றேன்."

"நான் எத்தன வண்டி பாத்தவடா. அரநாயக்க ஏத்தத்துல எனக்குக் கேஸ்கட் போகலையா? அன்னைக்கும் இப்பிடித்தான்டா ஆவி வந்துச்சு."

அம்மன் எப்போது அரநாயக்க ஏற்றத்தில் லொறி ஓட்டினாள் என்று ஒருவரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சிரிப்பு வந்திருக்கும், பிறகு அடி வந்திருக்கும்.

சாமி சொல்லை மறுக்க முடியாது. ஆனால் வாக்குக் கேட்கலாம். கல்யாணத்துக்கும் காட்சிக்கும் வெள்ளைப் பூ, சிவப்புப் பூ என்று பொட்டலம் கட்டிப் போட்டு எடுப்பார்களே, அது எல்லோருக்கும் பழக்கம். எந்தப் பூ வருகிறதோ அதுவே அவள் வாக்கு. அந்த முறையைத்தான் நான் எஞ்சினுக்குக் கொண்டு வந்தேன்.

"தாயே, வாக்குக் கேக்கிறேன். ஒன் திருநீற இந்த எஞ்சின் பூரா பூசுறேன். எந்த எடத்துல நனையுதோ அதுதான் ஒன் வாக்கு. எங்கயுமே நனையலன்னா கேஸ்கட்டுன்னு ஒத்துக்கிறேன்."

அம்மன் யோசித்தாள். சபையில் கேட்ட வாக்கைத் தர மாட்டேன் என்று எந்த அம்மனாலும் சொல்ல முடியாது.

"பூசுடா."

பிள்ளைகளே, நனைந்த வண்டியில் ஈரத்தைத் தேடாதீர்கள். காலையிலிருந்து தோட்டமே மஞ்சள் தண்ணீர் ஊற்றிய வண்டி அது. ரேடியேட்டர், ஹோஸ், பம்ப், சேஸி எல்லாம் ஒரே மஞ்சள், ஒரே சொட்டு. அதில் எது வண்டியின் தண்ணீர், எது வேண்டுதல் தண்ணீர் என்று கண்டுபிடிக்க முடியாது. முதலில் துடைத்தேன். என் துணி போதவில்லை, தலைவரின் துண்டும் போனது. பிறகு திருநீறு. பூசாரி தட்டை நீட்டினார். "பையோட தாங்க சாமி" என்றேன். மேலே இடுக்கு வழியாகவும் கீழே லொறித் தார்ப்பாய்ப் படங்கு விரித்துப் படுத்துக்கொண்டும் தூவினேன். பூசாரிக்கு என்ன தோன்றியதோ, எஞ்சினுக்குக் கற்பூரம் காட்டினார். பாட்டும் ஆரம்பமானது. பெட்டரிக்குக் குங்குமம் வைக்க வந்த ஒருவரை மட்டும் தடுத்தேன்.

அதற்குள் சூடு இறங்கியிருந்தது. ஈரத்துணி போட்டு மூடியை மெல்லத் திருகித் திறந்தேன். உள்ளே ஊற்ற மஞ்சள் தண்ணீர் வந்தது, இளநீர் வந்தது, ஒரு பால்குடமும் வந்தது. வேப்பிலை அம்மைக்கு நல்லது, ரேடியேட்டருக்கு ஆகாது என்று சொல்லி, பக்கத்தில் விழுந்த பீலித் தண்ணீரை மட்டும் ஊற்றினேன். நாலு சக்கரத்துக்கும் கல் கொடுத்தேன். கல் கொடுக்காமல் எந்த வண்டிக்கு அடியிலும் போகாதீர்கள், மேலே தெய்வமே உட்கார்ந்திருந்தாலும் சரி.

"ஸ்டார்ட் பண்ணுங்க நானா."

எஞ்சின் ஓடியது. நான் அடியில் மல்லாந்து கிடந்தேன். இரண்டு பக்கமும் பையன்கள் குனிந்து போன் வெளிச்சம் அடித்தார்கள். முள் நடுவுக்கு வந்தது. திருநீறு காய்ந்தபடியே இருந்தது. இன்னும் கொஞ்சம் பொறுத்தேன். காய்ந்தபடியே இருந்தது.

மேலேயிருந்து குரல் வந்தது. "என்னடா, நனைஞ்சுச்சா?"

"இன்னும் இல்ல தாயே."

"உள்ளுக்குள்ள ஒழுகுதுடா. கேஸ்கட்டுடா."

சிலர் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு எனக்குப் பழக்கமில்லாதது. மேற்கே மழை வேறு கறுத்துக்கொண்டு வந்தது. மழை விழுந்தால் எஞ்சின் முழுக்க நனையும், என் வாக்கும் கரைந்துவிடும்.

இந்த மாதிரி நேரத்தில்தான் கை எதையாவது கழற்றத் துடிக்கும். கழற்றக் கூடாது. கண்ணால் கண்டதைத் திரும்ப யோசிக்க வேண்டும். செம்பில் ஏந்திய இளஞ்சிவப்பை நான் பார்த்தேன், அது வெளியே ஒழுகியதுதான். நின்றதும் சொட்டியது, ஓட்டத்தில் ஒழுகிச் சட்டத்தில் தேங்கிய மிச்சம். ஓடும்போது ஒழுகிய வண்டி நிற்கும்போது ஒழுகவில்லை. ஓட்டத்தில் இருந்து நிற்கும்போது இல்லாமல் போனது எது? எஞ்சின் ஓடுகிறது. சூடு இருக்கிறது. தண்ணீர் இருக்கிறது. என் தலைக்கு மேலே, கல்ரோட்டில் வலமும் இடமும் ஆடி ஆடி வந்த தேர் இப்போது ஆடாமல் நிற்கிறது.

"டேய் பயலுகளா, ரெண்டு பக்கமும் மூங்கிலப் புடிங்க. ஆத்தாவத் தாலாட்டுங்க. தப்ப அடிங்கப்பா."

தாலாட்டு என்றதும் அவர்களுக்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை. தேர் இடப்பக்கம் சாய்ந்தது, ஒன்றுமில்லை. வலப்பக்கம் சாய்ந்தது. ரேடியேட்டரின் கீழ் ஹோஸில், வெள்ளைத் திருநீற்றின் மேல், கறுப்பாக ஒரு கோடு விழுந்தது. இடப்பக்கம் போனதும் கோடு நின்றது. வலப்பக்கம் வந்ததும் சீறியது.

கிட்டத்தில் போய்ப் பார்த்தேன். சிங்கத்தின் காலிலிருந்து கட்டுக்கம்பி ஒன்று கிரில் வழியாக உள்ளே வந்து குறுக்குச் சட்டத்தைச் சுற்றியிருந்தது. உள்ளே பார்க்க முடியாமல் கையை விட்டுச் சுற்றியதில், சட்டத்தோடு ஹோஸையும் சேர்த்து வளைத்துக்கொண்டிருந்தது. சிங்கம் வலப்பக்கம் ஆடும்போதெல்லாம் கம்பி இறுகி ஹோஸை அறுத்திருக்கிறது. கம்பியின் முறுக்கையும் பார்த்தேன். நன்றாக முறுக்கி, நுனியை மடக்கி உள்ளே சொருகியிருந்தது. லொறிக்காரன் படங்கு கட்டுகிற முறுக்கு. அந்தத் தோட்டத்தில் அப்படி முறுக்குகிறவர் ஒருவர்தான். அவர் அப்போது வேப்பிலையோடு என் கால்மாட்டில் ஆடிக்கொண்டிருந்தார்.

அவருக்கு இது தெரிந்திருக்காது. தெரிந்திருந்தால் அம்மனே வந்தாலும் கேஸ்கட் என்று சொல்லியிருக்க மாட்டார். ஆனால் நான் வெளியே வந்து உண்மையைக் கத்தினால் என்ன ஆகும்? அருள் வந்தவரே வண்டியை அறுத்தார் என்றாகும். அதற்குப் பிறகு அவர் மேல் அம்மன் வந்தால் பிள்ளைகள் சிரிக்கும். சரி, ஹோஸ் பழசு என்று சொல்லி மூடிவிடலாமா? பழி வண்டிக்குப் போகும். பின்னாலிருந்து வந்த அந்தக் குரல் இன்னும் கூட்டத்துக்குள்தான் இருக்கிறது, அது நானா தலையில் போய் உட்காரும். ஓட்டையைக் கண்டுபிடித்தவன் வேலை முடிந்தது என்று எழும்பிவிடக் கூடாது. நான் அங்கேயே கிடந்து, கம்பியை வெட்டி, மடித்து, சட்டைப் பையில் போட்டேன்.

எஞ்சினை நிறுத்தச் சொன்னேன். வெட்டு, கிளிப்புக்கு இரண்டு விரல் தள்ளித்தான் விழுந்திருந்தது. அந்தத் துண்டை அறுத்து எறிந்துவிட்டு, ஹோஸை இழுத்து மாட்டி, கிளிப்பை இறுக்கினேன். மறுபடியும் பீலித் தண்ணீர். ஹோஸில் அழுத்தம் ஏறாமல் இருக்க மூடியைக் கடைசி வரை இறுக்காமல் விட்டேன். கம்பி இருந்த இடத்தில் சிங்கத்துக்குக் கயிறு கட்டினேன். வெளியே வந்தபோது தலை முதல் கால் வரை திருநீறும் மஞ்சளுமாக இருந்தேனாம். ஒரு அம்மா என் காலில் விழப் பார்த்தார். தகுதிதான், ஆனாலும் தடுத்தேன்.

"என்னா பாஸ், கண்டுபுடிச்சீங்களா?" என்றார் தலைவர்.

"நான் எங்க கண்டுபுடிச்சேன். வாக்கு வந்துருச்சு."

அம்மனுக்கு முன்னால் போய் நின்றேன். பையிலிருந்து கம்பியை எடுத்து, உள்ளங்கையில் வைத்து, மாணிக்கம் அண்ணனின் நெஞ்சுக்குக் கிட்டே கொண்டு போய்த் திறந்தேன். அவர் கண் இரண்டுக்கும் என் கண் இரண்டுக்கும் மட்டும் தெரிகிற மாதிரி.

"தாயே, நீயே சொல்லு. வண்டியில குத்தமா, கட்டுனதுல குத்தமா?"

உடம்பு ஆடிக்கொண்டிருந்தது. கண் மட்டும் ஆடவில்லை. அந்த முறுக்கை அடையாளம் கண்டுகொண்டது. நான் கையை மூடினேன்.

"வண்டியில குத்தம் இல்லடா" என்றாள் அம்மன். "வண்டி என் வண்டி. ஓட்டுறவன் என் புள்ள. அவன் அப்பன் ஓட்டுன நாள்ல இருந்து என் புள்ள. இவன் வண்டியப் பத்தி எவனாவது நாக்க நீட்டுனா அறுத்துப் போடுவேன்."

கூட்டம் கும்பிட்டது. அந்தக் குரல்காரரும் கும்பிட்டிருப்பார். பூசாரிதான், விவரமில்லாமல், "அப்ப கட்டுனவன் தாயே?" என்று கேட்டுவிட்டார்.

அம்மன் வேப்பிலைக் கொத்தை அவர் முகத்துக்கு நேரே ஓங்கினாள்.

"கட்டுனவன நான் பாத்துக்கிறேன். நீ மணியடி."

பாரூக் நானா தொப்பியை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு ஸ்டியரிங்கைப் பிடித்தார்.

"பாஸ், அம்மாவே வண்டிய எழுதிக்கிட்டா. இனி ஒங்கட அம்மாக்கிட்டச் சொல்லி லீசிங் கடனையும் கட்டச் சொல்லுங்க."

மழை விழுந்தபோது தேர் மேல் பிரிவு லயத்துக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தது. அங்கேயும் குடம் குடமாக ஊற்றினார்கள். முள் நடுவை விட்டு அசையவில்லை.

இன்றைக்கும் நானாதான் ஓட்டுகிறார். சிங்கத்தை மாணிக்கம் அண்ணன்தான் கட்டுகிறார், கயிற்றால். அருள் வந்ததும் அம்மன் இப்போதெல்லாம் முதலில் என்னிடம்தான் வருகிறாள். மழை, கல்யாணம், ஆடு எல்லாம் அதற்குப் பிறகுதான்.

"டேய், தண்ணி பாத்தியாடா?"

"பாத்துட்டேன் தாயே" என்பேன். "கம்பியும் பாத்துட்டேன்."

அம்மன் உடனே பூசாரி பக்கம் திரும்பி, "ஏன்டா இன்னும் கற்பூரம் ஏத்தல?" என்று அவரை அதட்டத் தொடங்குவாள்.